துரையின் பங்காவும் தறிக் கயிறும்

1856 மார்ச் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர், தான் கண்டுபிடித்த இயந்திரம் ஒன்றுக்குத் தனியுரிமை கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். கண்டுபிடிப்பாளர்களுக்கு உரிமை தரும் சட்டம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்தியாவில் பதிவான முதல் மனு அதுதான். ஏற்றக்காரர் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த காலம். நெசவாளர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இந்தக் கையால் எறிந்து அந்தக் கையால் பிடித்துக்கொண்டிருந்த காலம். எத்தனையோ வேலைக்கு இயந்திரம் வேண்டியிருந்தது. டிபென்னிங் துரை கண்டுபிடித்தது பங்கா இழுக்கும் இயந்திரம்.

பங்காவை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் நீளமான துணிப்பட்டை. அதன் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போகும். வெளித் தாழ்வாரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ராத்திரி முழுக்க இழுப்பான். கை அசந்தால் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு இழுப்பான். கண் அசந்தால் உள்ளே துரைக்கு வேர்க்கும். துரைக்கு வேர்த்தால் எழுந்து வந்து உதைப்பார். அப்படி உதைபட்டுச் செத்தவர்கள் உண்டு. வழக்கு என்று வந்தால் டாக்டர் கூண்டேறி, செத்தவனுக்கு ஏற்கெனவே மண்ணீரல் வீங்கியிருந்தது, லேசாகப் பட்டாலே கிழிந்துவிடும் என்று சாட்சி சொல்வார். துரை சொற்ப அபராதத்தோடு வீட்டுக்குப் போவார். தப்பு முழுக்கச் செத்தவனுடையது. அவ்வளவு பெரிய மண்ணீரலை வைத்துக்கொண்டு அவன் பூட்ஸுக்கு எதிரே வந்திருக்கக் கூடாது.

ஆக, இந்த நாட்டின் முதல் காப்புரிமை மனு யாருடைய சிரமத்தைத் தீர்க்க எழுதப்பட்டது என்பதில் சந்தேகம் வேண்டாம். கயிற்றின் இரண்டு முனையிலும் ஆள் இருந்தான். சட்டத்தின் கண்ணில் பட்டவன் காற்று வாங்கியவன்.

அந்த 1856 சட்டமே செல்லாத சட்டம் என்பது கிளைக்கதை. மகாராணியின் சம்மதம் பெறாமல் போட்டுவிட்டார்கள் என்று மறு ஆண்டே ரத்து செய்து, 1859-இல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பங்காவைப் பின்னால் மின்விசிறி தின்றுவிட்டது. டிபென்னிங் பெயரில் காப்புரிமை மனு எழுதித் தரும் நிறுவனம் மட்டும் இன்றும் சென்னையில் நடக்கிறது. கண்டுபிடிப்பதைவிடக் கண்டுபிடிப்புக்கு மனு எழுதுவது உறுதியான தொழில் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கயிறு இழுக்கும் வேலை எங்களுக்கும் தெரியும். சேலத்திலிருந்து தாரமங்கலம் தாண்டினால் ஜலகண்டாபுரம். பேருந்தை விட்டு இறங்கும் முன்பே தறிச்சத்தம் காதில் விழும் ஊர். இப்போது விசைத்தறிதான் பெரும் சத்தம். ஆனாலும் கைத்தறி இருக்கும் வீடுகளில் இன்றும் நெசவாளரின் முன்னால் ஒரு கயிறு தொங்கும். வெடுக்கென்று இழுத்தால் பலகையின் இந்தக் கோடிப் பெட்டியிலிருந்து நாடா அந்தக் கோடிப் பெட்டிக்கு ஓடும். எறிந்து பிடிக்கும் வேலை இல்லை. துணியின் அகலம் கையின் எட்டத்துக்குக் கட்டுப்பட்டதும் இல்லை.

அந்தக் கயிற்றுக்குச் சொந்தக்காரர் ஜான் கே. இங்கிலாந்தில் 1733-இல் காப்புரிமை வாங்கினார். துணி முதலாளிகள் அவர் நாடாவை ஆசை ஆசையாக ஓட்டினார்கள். காசு மட்டும் தரவில்லை. அவர் வழக்குப் போட்டால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள முதலாளிகள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். கே வழக்கு நடத்தியே கையில் இருந்ததை இழந்து பிரான்சுக்குப் போய், அங்கேயே வறுமையில் செத்தார். காப்புரிமை என்பது வழக்கு நடத்தும் வசதி உள்ளவனுக்கு அரசாங்கம் தரும் அனுமதிச் சீட்டு என்று உலகத்துக்குத் தெரிவித்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். கண்டுபிடிப்பு என்றாலே லட்சாதிபதி என்று மேடையில் பேசுகிறவர்கள் கேயின் பெயரைச் சொல்லுவதே இல்லை.

அந்தக் கயிறு எங்கள் ஜில்லாவுக்கு அரசாங்க முத்திரையோடு வந்தது 1906-இல். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை மாகாண அரசின் சார்பில் சேலத்தில் ஒரு நெசவு ஆலை திறந்தார். கயிறு இழுத்தால் ஓடும் அந்த விசை நாடா பூட்டிய கைத்தறிகளை ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் போட்டு, நெசவாளரை அழைத்து, சம்பளம் கொடுத்து நெய்யச் சொன்னார். சாட்டர்டனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அலுமினியப் பாத்திரம், குரோம் தோல், கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் என்று இந்த மாகாணத்தில் ஏதாவது தொழில் வரட்டும் என்று மெனக்கெட்ட ஆள். ஆனால் அவரிடமும் ஒரு பங்கா இருந்தது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

நெசவாளர்கள் ஆலைக்குச் சரியாக வரவில்லை. வந்தவர்கள் நிலைக்கவில்லை. மணிக்கு வந்து மணிக்குப் போகும் கட்டுப்பாடு இவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று குறிப்பு எழுதினார்கள். பழைமையில் ஊறியவர்கள், புதிய கருவியைக் கண்டால் மிரள்பவர்கள் என்ற பட்டம் அன்று ஒட்டியது. இன்றும் கருத்தரங்குகளில் அந்தப் பட்டத்தை மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள்.

வீட்டுத் தறி என்றால் என்ன என்று ஒரு அதிகாரியாவது குழிக்குள் இறங்கிப் பார்த்திருந்தால் இந்தக் குறிப்பு எழுதியிருக்க வேண்டாம். பாவு ஓட்ட நாலு பேர் வேண்டும். கஞ்சி போட வேண்டும். அம்மா தார் சுற்றுவார், அதாவது நாடாவுக்குள் போகும் நூலைக் குச்சியில் சுற்றுவார். சின்னவன் அறுந்த இழை பிணைப்பான். மனைவி ஒரு பக்கம் சோற்றையும் ஒரு பக்கம் நூலையும் பார்ப்பார். நெய்பவர் ஒருத்தராகத் தெரிந்தாலும் கூலி ஒரு குடும்பத்துடையது. அவரை மட்டும் பிடுங்கி ஆலையில் உட்கார வைத்தால் வீட்டில் இருக்கும் அத்தனை கையும் சும்மா. ஒருவர் சம்பளத்துக்காக அத்தனை பேர் உழைப்பை வீணாக்க மாட்டேன் என்பது சோம்பலா, கணக்கா? எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளி போட்ட கணக்கை, எழுதப் படிக்கத் தெரிந்த அரசாங்கம் சோம்பல் என்று பதிவு செய்தது.

சரி, மிரண்டார்களா? அதுவும் இல்லை. ஆலையை விட்டு வந்தவர்கள் ஆலையின் கயிற்றை விடவில்லை. ஊர்த் தச்சரைக் கூப்பிட்டு, பழைய தறியிலேயே இரண்டு பக்கமும் பெட்டி அடித்து, பலகையை மாற்றி, கயிறு கட்டிக்கொண்டார்கள். சாட்டர்டனுக்கு முன்னாலேயே ஆந்திரக் கரை மாவட்டங்களில் இது தானாகப் பரவியிருந்தது. நாற்பதுகளில் இந்திய அரசின் உண்மை அறியும் குழு தறிகளைக் கணக்கெடுத்தபோது சென்னை மாகாணத்துத் தறிகளில் பெரும்பாலானவை விசை நாடாத் தறிகள். இந்தியா முழுக்க எடுத்தால் அந்த விகிதத்தில் பாதிகூட இல்லை. எந்தத் தச்சரின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. குழித்தறியின் அளவுக்கு, எங்கள் அச்சுக்கு, எங்கள் நூலுக்கு, எங்கள் வேலமரத்துக்கு அந்தக் கருவியைத் திருத்தி அமைத்த ஆயிரம் மூளைகளுக்கு அரசாங்கம் வைத்த பெயர்: பழைமைவாதிகள்.

சாட்டர்டனின் ஆலை நடந்த அதே பத்தாண்டில் வெளியூர் அறிவாளிகள் தறி தறியாகக் கொண்டுவந்து காட்டினார்கள். கீத்லியின் ஹாட்டர்ஸ்லி கம்பெனி மிதித்தால் ஓடும் தறி விற்றது. அகமதுநகர் அமெரிக்க மிஷனில் சர்ச்சில் என்ற பொறியாளர் ஒரு தறி செய்தார். இரட்சணிய சேனை ஒரு தறி செய்தது. விலை கேட்டால் நெசவாளி தலை சுற்றும். அவை பதிவேட்டிலும் கண்காட்சியிலும் நன்றாக ஓடின.

சேலம் ஆலையை நெசவாளி மூடவில்லை. 1910-இல் லண்டனில் இருந்து உத்தரவு வந்தது. இந்தியா மந்திரி மோர்லி பிரபு, தாராளவாதத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகம் எழுதியவர், அரசாங்கம் தொழிலைக் கற்றுக்கொடுக்கலாம், தொழில் நடத்தக் கூடாது என்றார். சென்னையில் இருந்த வெள்ளை வியாபாரிகள், அரசு காசில் போட்டி வளர்க்கிறீர்கள் என்று ஏற்கெனவே முறையிட்டிருந்தார்கள். தனியார் முயற்சியில் அரசு கை வைக்கக் கூடாது என்பது கொள்கையாம். அந்தக் கொள்கை லங்காஷயர் துணிக்கு இங்கே வரி விவகாரத்தில் எத்தனை தடவை விடுமுறை எடுத்தது என்பதை அவர் புத்தகங்களில் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். ஆலை மூடியது. மறு ஆண்டு, 1911-இல், இந்தியக் காப்புரிமை மற்றும் வடிவமைப்புச் சட்டம் வந்தது, இங்கிலாந்தின் 1907 சட்டத்தைப் பார்த்து எழுதியது. முதலில் கடையைச் சாத்தினார்கள். பிறகு பூட்டு வாங்கினார்கள்.

அந்தப் பூட்டின் சாவி கல்கத்தாவில் ஒரே அலுவலகத்தில். மனு ஆங்கிலத்தில். வரைபடம் அளவுகோலின்படி. ஜலகண்டாபுரத்துத் தச்சருக்கு அளவுகோல் தெரியாது என்று சொல்ல வரவில்லை. நூலிழை அளவுக்குத் துல்லியமாக மரம் இழைக்கத் தெரிந்தவர். கல்கத்தா தெரியாது, அவ்வளவுதான். வசதியும் துணிச்சலும் இருந்த சிலர் கடல் தாண்டிப் போனார்கள். பம்பாயின் சங்கர் ஆபாஜி பிசே அச்செழுத்து வார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு லண்டன் போய், தாதாபாய் நௌரோஜி ஆதரவில் முட்டி மோதி, கடைசியில் அமெரிக்காவில் போய் ஒதுங்கினார். எல்லா நெசவாளியும் லண்டன் போக முடியுமா? போனால் தார் யார் சுற்றுவது?

சுதந்திரம் வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு அறிக்கை இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் கொடுத்தது. இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு வெளிநாட்டார் கையில். அவற்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் செயல்படுத்தப்படவே இல்லை என்று எழுதினார். செய்யவும் மாட்டேன், செய்ய விடவும் மாட்டேன் என்பதற்குச் சர்க்கார் முத்திரை. நூறாண்டு காப்புரிமைச் சட்டம் நமக்குச் செய்த நன்மை இந்த ஒரு வரியில் அடங்கும். அந்த அறிக்கையில் பிறந்த 1970 சட்டம் மருந்து விஷயத்தில் கம்பெனிகளின் கையை முறுக்கியது, மாத்திரை விலை இறங்கியது. அதற்கு வணக்கம். சட்டம் மனசு வைத்தால் வளையும் என்று அதனால் தெரிந்தது. சிறு கருவி செய்கிறவன் பக்கம் மட்டும் அது வளையவில்லை.

ஜப்பானில் ஒரு தச்சன் மகன். பெயர் சாகிச்சி டொயோடா. 1867-இல் ஒரு கிராமத்தில் பிறந்தவர், அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1885-இல் ஜப்பான் காப்புரிமைச் சட்டம் போட்டது. அதைக் கேள்விப்பட்டுத் தறியைக் கையில் எடுத்தார். 1891-இல் மரக் கைத்தறிக்கு முதல் காப்புரிமை. 1924-இல் நாடாவில் நூல் தீர்ந்தால் தறி நிற்காமலே மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி. 1929-இல் ஓல்டாமின் பிளாட் பிரதர்ஸ், உலகத்துக்கே தறி விற்ற ஆங்கிலக் கம்பெனி, அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. அந்தக் குடும்பம்தான் பிறகு கார் செய்தது. எங்கள் ஊருக்கு நெசவாளர் நலம் விசாரிக்க வரும் தலைவர்கள் இறங்கும் வெள்ளைக் கார் பெரும்பாலும் அதுதான். வண்டியை விட்டு இறங்கி, தறிக்குழி விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பாரம்பரியத்தைக் காப்போம் என்று சொல்லிவிட்டு, திரும்ப ஒரு நெசவாளியின் காரிலேயே ஏறிப் போகிறார்கள். வேறு நாட்டு நெசவாளி என்பதுதான் வித்தியாசம்.

டொயோடா நம்மவர்களைவிட மூளைக்காரர் என்று நான் நம்பத் தயாராக இல்லை. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ரேசர் முதல் மோட்டார் வரை செய்தார். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொண்டுவந்தார். அரசாங்கம் உரிமம் தரவில்லை. அதே கோயம்புத்தூரில் 1955 வாக்கில் சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். தென்னிந்தியாவின் பாதிப் பெண்களுக்குத் தோள்வலி தீர்த்தது அந்த ஒரு வேலை. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஊருக்கு மரியாதை. பள்ளிப் பாடத்தில் நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட் இருக்கிறார். தினமும் இட்லி தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சபாபதி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது நாடு புத்தாக்கத்தில் மிதக்கிறது. 2023-24-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த காப்புரிமைகள் 1,03,057. லட்சத்தைத் தாண்டிவிட்டோம் என்று மந்திரிகள் தட்டிக்கொண்ட முதுகுகள் இன்னும் சிவந்திருக்கும். கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் எண்பது சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். அப்புறம் என்ன? மழைக்கு முளைத்த காளான் மாதிரி மனுக்கள். ஒரு பேராசிரியர், எட்டுத் துணைப் பேராசிரியர், ஒரு தாளாளர் சேர்ந்து கண்டுபிடித்த ‘செயற்கை நுண்ணறிவு சார்ந்த’ ஏதோ ஒன்று. நட்டு போல்ட்டு கிடையாது, பட்டறை கிடையாது, மாதிரி கிடையாது. வெளிநாட்டில் வெறும் வடிவமைப்புப் பதிவைக் காசுக்கு வாங்கி, சர்வதேசக் காப்புரிமை என்று வாசலில் பேனர் கட்டும் வியாபாரமும் நடக்கிறது. எண்ணிக்கை வேண்டும், அவ்வளவுதான். எதைச் செய்தாய் என்று கேட்க ஆள் இல்லை. எத்தனை என்று கேட்க ஒரு அமைச்சகமே இருக்கிறது.

இதே நேரத்தில் எங்கள் ஊர்ச் சந்துகளுக்குள் போய்ப் பாருங்கள். எங்கோ மூடிய ஆலையிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வந்த விசைத்தறி. அதன் பாகம் எதுவும் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. ஒவ்வொன்றையும் இங்கே லேத்தில் கடைந்து, வெல்டு வைத்து, கட்டையைச் செதுக்கி, வேறு ஒன்றாகவே ஆக்கிவிட்டார்கள். கம்பெனிக்காரன் வந்து பார்த்தால் தன் தறி என்று அடையாளம் சொல்ல மாட்டான். பட்டறைக்காரர் ஒருவர் வீட்டில் அவர் அம்மாவுக்காகச் செய்த ராட்டை ஒன்று ஓடுகிறது. தையல் மெஷின் மோட்டார், சைக்கிள் பிரேக் லிவர், ஆணி, ஒரு வளையம். தார் நிறைந்தால் தானே நிற்கும். நூல் அறுந்தாலும் நிற்கும். பெரிய மில்லில் இதெல்லாம் உண்டு. அந்த இயந்திரத்தின் விலையில் இந்தச் சந்தில் வீடு வாங்கலாம். இவர் செய்ததற்குச் செலவு ஒரு நல்ல வேட்டி விலைக்கு மேல் போகாது.

‘இதுக்குக் காப்புரிமை வாங்கலாமே தம்பி’ என்றேன்.

‘வாங்கி என்னங்கண்ணா பண்றது?’

‘உங்களைக் கேக்காம வேற யாரும் செய்ய முடியாது.’

‘பக்கத்து வீட்டு அக்கா வந்து எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு சாமின்னு கேட்டா, கோர்ட்டுக்குப் போங்கக்கான்னு சொல்லச் சொல்றீங்களா?’

பேசாமல் இருந்தேன். நியாயம் அவர் பக்கம். தச்சருக்குத் தச்சர் பார்த்துச் செய்ததால்தான் அந்தக் கயிறே இந்த ஜில்லா முழுக்க ஓடியது. ஜான் கேயின் உரிமையை எங்கள் ஊரில் யாராவது மதித்திருந்தால் பாதி ஊர் இன்னும் எறிந்து பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொள்வது வேறு. நாளைக்கு ஒரு கல்லூரிக் குழு கள ஆய்வு என்று வந்து, இதைச் செல்போனில் படம் பிடித்து, வரைபடம் போட்டு, தள்ளுபடிக் கட்டணத்தில் மனு கொடுத்தால், அது கண்டுபிடிப்பு. இவர் செய்தது கண்டுபிடிப்பு அல்ல. காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இருக்கிறது: தெரிந்த சாதனங்களைச் சும்மா மாற்றி அடுக்குவது கண்டுபிடிப்பாகாது. மோட்டார் தெரிந்தது, பிரேக் லிவர் தெரிந்தது, ராட்டை காந்தி காலத்துக்கும் முந்தியது. ஆகவே தள்ளுபடி. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் சுற்றி எழுதத் தெரிந்த முகவர் கையில் போனால் இதே அடுக்கு வேறு பெயரில் உயிர் பெறும். மனு போட 1,600 ரூபாய், பரிசோதிக்கச் சொல்ல 4,000 ரூபாய், தனி ஆளுக்கு. முகவருக்கு அதைப் போல் பல மடங்கு. பட்டறைக்காரரிடம் இந்தத் தொகையைச் சொன்னேன். ‘அந்தக் காசுக்கு ஏழு மோட்டாருக்குக் காயில் கட்டிருவேனுங்க’ என்றார்.

இந்த மாதிரி வேலைக்கென்றே உலகத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. சின்னக் காப்புரிமை. பெரிய மேதைமை கேட்காது. செய்தது புதிதாக இருந்து பயன்பட்டால் போதும். குறைந்த செலவு, குறைந்த காலம். ஜெர்மனி 1891-இல் கொண்டுவந்தது. ஜப்பான் 1905-இல் கொண்டுவந்தது. வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கித் தன் ஊருக்கு ஏற்றபடி திருத்துகிற பட்டறைக்காரனுக்காகவே கொண்டுவந்தது. நம் சாட்டர்டன் சேலத்தில் ஆலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இந்தியாவும் சும்மா இல்லை. 2011-ஆம் ஆண்டு மே மாதம், தொழில் கொள்கைத் துறை இது பற்றி ஒரு விவாத அறிக்கை வெளியிட்டது. கொண்டுவரலாமா, வேண்டாமா, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. இன்றுவரை விவாதம். ஜெர்மனிக்காரன் சட்டம் போட்டு நூற்றிருபது வருடம் கழித்து யோசிக்கத் தொடங்கியவர்களை அவசரப்படுத்துவது நாகரிகம் இல்லை. பட்டறைக்காரரின் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள், தில்லியில் யோசிக்கிறார்கள் என்று.

யோசித்து முடித்துச் சட்டமே வந்தாலும் இன்னொரு விதி காத்திருக்கிறது. காப்புரிமை விதிகள், ஒன்பதாம் விதி: ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியில். சென்னை கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில், அறிவுசார் சொத்துரிமைக் கட்டடம் நிற்கிறது. அதன் வாசலில் காவலர் தமிழ் பேசுவார். டீக்கடைக்காரர் தமிழ் பேசுவார். பரிசோதகர்களிலும் நம் பிள்ளைகள் இருப்பார்கள். மனு மட்டும் தமிழில் நுழையக் கூடாது. படமரம், விழுது, பாவு, ஊடை, தார் என்று எங்கள் வேலைக்கு வேண்டிய சொல் முழுக்க எங்களிடம் உண்டு. 1856-இல் துரை எந்த மொழியில் மனுக் கொடுத்தாரோ அந்த மொழியில்தான், இல்லையென்றால் இந்தியில்தான், தார் சுற்றும் கிழவியின் ராட்டையும் தன்னை விளக்கிக்கொள்ள வேண்டும். தமிழை உயிர் என்று சொல்லி ஓட்டு வாங்கிய கட்சிகள் இந்த ஊரில் எல்லாத் தெருவிலும் கொடி நட்டிருக்கின்றன. ஒன்பதாம் விதியை எந்தக் கொடிக்கம்பத்தின் கீழும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

எனவே விதியை மீறி, முழு விவரக்குறிப்பையும் இங்கேயே தாக்கல் செய்கிறேன்.

கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கு. கண்டுபிடிப்பின் தலைப்பு: தார் நிறைந்தாலும் நூல் அறுந்தாலும் தானே நிற்கும் ராட்டை. கண்டுபிடித்தவர்: ஜலகண்டாபுரம் பட்டறைக்காரர் ஒருவர். பெயர் போடவில்லை, இதுவரை எந்தப் பதிவேடும் கேட்டதில்லை என்பதால் அவருக்கும் பழக்கமில்லை.

துறை: நெசவுக்கு முந்திய வேலை. இதைச் செய்பவர் பெரும்பாலும் வயதான பெண்கள். கூலிக் கணக்கில் இவர்கள் பெயர் தனியாக வராது.

தற்போதுள்ள குறை: தார் நிறைந்ததைக் கண்ணால் பார்த்து, கையால் நிறுத்த வேண்டும். கண்புரை விழுந்த பிறகு இது முடிவதில்லை. நூல் அறுந்து வெறும் தார் சுற்றினால் நேரம் போகும், மின்சாரம் போகும், மகன் திட்டுவான்.

விளக்கம்: மோட்டாரின் தண்டில் தார்க்குச்சி செருகப்படும். குச்சியின் பக்கத்தில் சைக்கிள் கம்பி ஒன்று, சுற்றிய நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். தார் பருத்துக் கம்பியைத் தள்ளினால், கம்பி பிரேக் லிவரை இழுக்கும், லிவர் சுவிட்சைச் சாய்க்கும். நூல் வரும் பாதையில் ஒரு வளையம் நூலின் மேலேயே தொங்கும். நூல் அறுந்தால் வளையம் விழும். விழுந்த கனத்தில் அதே சுவிட்சு சாயும். ஒரே சுவிட்சு, இரண்டு காரணம். புதுமை என்று ஆங்கிலத்தில் எதைச் சொல்வீர்களோ அது இந்த இடத்தில் இருக்கிறது.

உரிமைக் கோரிக்கை 1: மேலே சொன்ன ராட்டை, சைக்கிள் உதிரி பாகத்தில் செய்யப்பட்டது.

கோரிக்கை 2: கோரிக்கை 1-இல் சொன்ன ராட்டையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அவர் சொல்லி வரும் யாருக்கும் செய்து கொடுப்பது உரிமை மீறல் ஆகாது.

கோரிக்கை 3: அதே ராட்டையைப் படம் பிடித்துத் தரவரிசைக்குக் காட்டுவது, கண்காட்சியில் பொன்னாடை போர்த்திச் செய்தியாக்கிவிட்டு மறந்துபோவது, அதைச் செய்தவரைப் பழைமைவாதி என்று அறிக்கையில் எழுதுவது, மூன்றும் மீறல்.

தொழில்முறைப் பயன்பாடு: உண்டு. இந்த மனுவைப் பரிசோதகர் படிக்கும் நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். நேரில் ஆய்வு செய்ய விரும்பினால், மின்சாரம் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வரவும்.